சிவப்பு கரம், கறுப்பு தண்டா

லோதி ரோடு, புது தில்லி
27 ஜனவரி 2008

தம்பி வடிவேலுக்கு,

பேச்சு நடுவில் போனை வைத்துவிட்டேன் என்று கோபமா? வைத்தது வைத்ததுதான். இனி உன் நம்பரைப் பார்த்தால் எடுக்கவும் மாட்டேன். போனில் நீ கத்துகிறாய், பதிலுக்கு நான் கத்துகிறேன், கடைசியில் உன் பெண்டாட்டி உஷாராணி ரிசீவரைப் பிடுங்கி, "மதினி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறாள். சொல்ல இருப்பதை எழுது. எழுதும்போதாவது மனுஷனுக்கு நிதானம் வரும் என்பார்கள், உனக்கும் வருகிறதா பார்ப்போம்.

பொங்கலன்று நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "நோயாளிப் பொம்பள அங்க தனியாக் கிடந்து என்னத்தச் சாதிக்கப் போற? வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துட்டு வந்து சேரு." நோயாளியாம்! எனக்கு என்னடா நோய்? தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறது. அதற்கு டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். சிபேப் என்று பெயர். மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால், ஒரு குழாய் வழியாகக் காற்றைத் தள்ளி, தொண்டையைத் திறந்து வைக்கிறது. அது வந்ததிலிருந்து நான் ஃபைல் மேல் தூங்கி விழுவதில்லை, பஸ்ஸில் ஸ்டாப்பைத் தாண்டிப் போவதில்லை. கண்ணாடி போட்டவனை எல்லாம் குருடன் என்பாயா?

வி.ஆர்.எஸ். என்கிறாயே, சம்பளக் கமிஷன் அறிக்கை இதோ வருகிறது அதோ வருகிறது என்று தில்லி முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் நேரத்தில் எவளாவது வேலையை விடுவாளா? அதை விடு. விட எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

இப்போது கேள். எங்கள் ஆபீஸில் மலைக்குப் போகிற குழு ஒன்று இருக்கிறது. மார்ச்சில் குட் ஃப்ரைடேயும் ஹோலியும் ஒட்டி வருகின்றன. ஒரு நாள் லீவு சேர்த்து, உத்தரகாசிக்கு மேலே கங்கைக் கரையில் கூடாரம் அடித்து மூன்று ராத்திரி தங்கப் போகிறார்கள். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். அங்கே கரண்ட் கிடையாது. மெஷினைப் பேட்டரியில் ஓட்டுவேன்.

பந்தயம் என்றே வைத்துக்கொள். மூன்று ராத்திரியும் தூங்கி எழுந்து வந்தேன் என்றால், வி.ஆர்.எஸ். என்ற வார்த்தையை ஆயுசுக்கும் உன் வாயால் சொல்லக் கூடாது. முடியாமல் பாதியில் திரும்பினால் நானே எழுதிக் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சம்மதமா?

அக்கா பூங்கோதை

*

அம்பாசமுத்திரம்
3 பிப்ரவரி 2008

அக்காவுக்கு,

உன் கடிதத்தை உஷாராணி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்வாரியத்தில் தலை நரைத்துப்போன இன்ஜினியர் நான். எனக்கா பேட்டரிக் கதை சொல்கிறாய்? பேட்டரியை நம்பிக் கல்யாண ஊர்வலத்தில் மைக் செட் வைக்கலாம். மூச்சை அதில் மாட்ட முடியாது. கம்பியில் வருகிற கரண்ட்டுக்கே நான் உத்தரவாதம் தருவதில்லை, நீ டப்பாவில் அடைத்த கரண்ட்டை நம்பிக் காட்டுக்குப் போகிறேன் என்கிறாய். வோல்டேஜ் இறங்கினால் டியூப் லைட்டாவது கண்ணைச் சிமிட்டிக் காட்டும். உன் மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். நீ தூக்கத்தில் கிடப்பாய். உன்னை யார் உலுக்கி எழுப்புவார்கள்? கங்கை எழுப்புமா?

மலைக்குப் போகிற வயதா உனக்கு? கூட வருகிறவர்கள் யார், ஆணா பெண்ணா, உனக்கு இப்படி ஒரு சீக்கு இருப்பது அவர்களுக்குத் தெரியுமா? எதையும் எழுதவில்லை. பந்தயம் மட்டும் கட்டுகிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இதே புத்தி.

மெஷின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. தம்பி உதவி செய்யப் போகிறான் என்று நினைத்துவிடாதே. நீ செய்யப்போவது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று கணக்குப் போட்டுக் காட்டத்தான் கேட்கிறேன்.

வடிவேல்

*

லோதி ரோடு
9 பிப்ரவரி 2008

வேலு,

சீக்கு என்று இன்னொரு தடவை எழுதினால் கடிதமும் கிடையாது.

யார் உலுக்குவார்கள் என்று கேட்டிருக்கிறாய். இங்கே மட்டும் யாரடா உலுக்குகிறார்கள்? இந்தக் குவார்ட்டர்ஸில் நானும் சுவரும்தான் இருக்கிறோம். உங்கள் மாடியில் வந்து படுத்தால் நீ ராத்திரியெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு கட்டிலடியில் நிற்பாயா? நீ படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்கமாட்டாய் என்று ஊருக்கே தெரியும்.

கூட வருவது ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். எங்கள் செக்‌ஷன் ரோஹிணி வருகிறாள். குழுவுக்குத் தலைவர் சௌகான் என்று கணக்குப் பிரிவுக்காரர். மெஷின் கொண்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. "அச்சா, லே ஆயியே" என்றார், சரி கொண்டு வாருங்கள் என்று. அவருக்கு மெஷின் என்றால் தையல் மெஷின் என்று பட்டதோ என்னவோ, நான் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை.

பேட்டரியை மட்டமாகப் பேசுகிறாயே, ஒன்று கேட்கிறேன். நான் ஊருக்கு வந்தபோது உன் சப்ஸ்டேஷனைச் சுற்றிக் காட்டினாய். ஒரு அறை நிறைய கண்ணாடி ஜாடிகளாக அடுக்கி வைத்திருந்ததைக் காட்டி, "எக்கா, ஊரே இருட்டானாலும் சுவிட்சைத் தட்டி லைனைக் காப்பாத்துதது இந்தப் பேட்டரிதான்" என்று நெஞ்சை நிமிர்த்தினாய். ஊரைக் காப்பாற்றுகிற பேட்டரி உன் அக்காவை மட்டும் காப்பாற்றாதா?

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். இங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது. சின்னதாக ஒரு இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் வாங்கினால் மெஷின் பிளக்கை அதில் சொருகிவிடலாம். வருகிற சனிக்கிழமை கரோல் பாக் போகிறேன்.

ஸ்டிக்கரில் நிறைய சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதன் மேல் 12V DC என்று போட்டிருக்கிறது. அது எதற்கு என்று விற்றவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கணக்குப் போட்டுக் காட்டு, பயந்துவிடுகிறேன்.

பூங்கோதை

*

அம்பாசமுத்திரம்
15 பிப்ரவரி 2008

அக்கா,

இன்வெர்ட்டர் வாங்காதே. வாங்கியிருந்தால் திருப்பிக் கொடு. பேட்டரியில் இருப்பது டி.சி. இன்வெர்ட்டர் அதை ஏ.சி. ஆக்கும். உன் மெஷினின் அடாப்டர் மறுபடி அதை டி.சி. ஆக்கும். அரிசியை மாவாக்கி, மாவை மறுபடி அரிசியாக்கிச் சோறு பொங்குவாயா? வழியெல்லாம் கரண்ட் வீணாகும். அந்தச் சின்ன ஓட்டை நேராகப் பேட்டரியில் மாட்டுவதற்குத்தான். இத்தனை மாதமாக வைத்திருக்கிறாய், அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை பார்.

இரண்டாவது, மெஷினுக்கு அடியில் தண்ணீரைச் சூடாக்கி ஈரக்காற்று தருகிற பெட்டி ஒன்று இருப்பதாகத் தனித்தாளில் எழுதியிருக்கிறாய். பேட்டரியைத் தின்று தீர்ப்பது அந்த ஹீட்டர்தான், காற்று தள்ளுகிற மோட்டார் இல்லை. காட்டில் அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிடு. மூக்கு காயும், பொறுத்துக்கொள்.

மூன்றாவது, பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடச் சொல். கூடாரம் என்பது நைலான் துணி. ஒரு பொறி போதும்.

கணக்குப் போட்டேன். கணக்கு என் பக்கம் பேசவில்லை. அதனால் கணக்கை நம்பாமல் செய்து பார்த்தேன். காரின் பிரேக் பல்பும் உன் மெஷினும் ஏறக்குறைய ஒரே அளவு கரண்ட்டைத்தான் இழுக்கும். ஆபீஸ் ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி அதில் ஒரு பல்பை மாட்டி, சாயங்காலம் எரியவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் சனியன், மங்காமல் எரிந்துகொண்டிருந்தது. மறுநாளும் விட்டேன், எரிந்தது. மூன்றாம் நாள் பெரிய இன்ஜினியர் வந்து ஜீப்பைக் கேட்டார், ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவரும் நானும் தள்ளினோம். எதற்காகப் பேட்டரி இறங்கியது என்று கேட்டார். பழைய பேட்டரி சார் என்றேன்.

நீயும் பேட்டரி வாங்கினால் முதலில் பல்பை மாட்டிப் பார். பல்பு செத்தால் பத்து ரூபாயோடு போகும். அதைத் தாண்டித்தான் மூக்கை மாட்ட வேண்டும்.

இதெல்லாம் எழுதியதால் போகச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை. போகாதே என்பதுதான் என் பேச்சு. எப்படியும் போவாய் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

வடிவேல்

*

லோதி ரோடு
24 பிப்ரவரி 2008

என் செல்லத் தம்பி வேலு,

ஜீப் தள்ளிய கதையை ரோஹிணிக்குப் படித்துக் காட்டினேன். "உன் தம்பி வேண்டாம் வேண்டாம்னு சொல்லிண்டே எல்லாத்தையும் பண்ணித் தரார்டி" என்றாள். அப்படி எல்லாம் இல்லை, அவன் கணக்குப் போட்டுப் பயமுறுத்துகிறான் என்றேன்.

கரோல் பாக்கில் என்ன நடந்தது என்று கேள். கடைக்காரன் பளபளவென்று ஒரு பேட்டரியை எடுத்து வைத்து, "பில்குல் நயா, மேடம்", புத்தம் புதுசு என்று சத்தியம் செய்தான். உன் பேச்சைக் கேட்டு வீட்டுப் பால்கனியில் பல்பை மாட்டினேன். காலையில் மாட்டியது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் செம்பருத்தி மாதிரி சிவந்து, அப்புறம் அணைந்தே போனது. பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருக்கிறான்! அவ்வளவு கனத்தையும் ஆட்டோவில் போட்டுத் திரும்பப் போனேன். "பையா, யே பேட்டரி ஹை யா அச்சார் கா டப்பா?" என்று கேட்டேன். ஊறுகாய் டப்பா என்றதும் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "மேடம் ஜி, மெதுவாப் பேசுங்க" என்று கெஞ்சினான். மெதுவாகவா? நான் அவன் கடை வாசலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு பேட்டரி தருகிற வரை எழுந்திருக்கவில்லை. அதற்குள் வந்த வாடிக்கையாளர்களிடம் எல்லாம் பல்பு மாட்டிப் பார்த்து வாங்குங்கள் என்று இலவச ஆலோசனையும் சொன்னேன்.

இரண்டாவது பேட்டரி நல்ல பேட்டரி. அதை எங்கள் காலனி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, நீ எழுதியபடி வயரும் ஃபியூஸும் போடச் சொன்னேன். மெஷினுக்கான பிளக்கையும் அவரே மாட்டினார். ராத்திரி பூரா பல்பு ஜம்மென்று எரிந்தது. காலையில் அவரே வந்து பார்த்தார். சிவப்பு வயர் கரம், கறுப்பு வயர் தண்டா, இரண்டும் சரியாக இருக்கிறது, பயமில்லாமல் கூடாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மெஷினையே மாட்டிப் படுக்கப் போகிறேன்.

உஷாராணிக்கு என் அன்பு. உனக்கும்தான்.

பூங்கோதை

*

அம்பாசமுத்திரம்
29 பிப்ரவரி 2008
கூரியர் மூலம்

அக்கா,

உன் கடிதம் கையில் இருக்கிறது.

சிவப்பு வயர் கரமா? எனக்கு இந்தி தெரியாதுதான், ஆனால் உன்னைப் பார்க்க வந்த ரயிலில் ராப்பகலாக "கரம் சாய், கரம் சாய்" என்று காதில் கத்தினார்கள். கரம் என்றால் சூடு என்பது எனக்குத் தெரியும். ஒரு சாதாரண பல்புக்கே வயர் சூடாகிறது என்றால் அவன் மெல்லிசு வயரைப் போட்டிருக்கிறான், அல்லது இணைப்பு லூஸாக இருக்கிறது. அதை மூடிய கூடாரத்தில், கம்பளிக்குப் பக்கத்தில், தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கப்போகிறாயா? சூடாக இருக்கிறது, பயமில்லை என்று அவன் சொல்வானாம், இவள் கேட்பாளாம்!

நீ போனை எடுக்கவில்லை. முப்பது தடவை அடித்தேன். அதனால் உன் ஆபீஸ் போர்டு நம்பருக்குப் போட்டு ரோஹிணியம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த சௌகானையும் கூப்பிடச் சொல்லி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இந்த அம்மாவுக்கு ராத்திரி மூச்சு நிற்கும், மெஷின் நின்றால் உயிருக்கு ஆபத்து, பேட்டரி வயரும் சரியில்லை, உங்கள் பொறுப்பில் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே பெயரை அடித்துவிடுவதாகச் சொன்னார்.

நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. உயிரோடு இருந்து திட்டு.

வடிவேல்

*

லோதி ரோடு
6 மார்ச் 2008

வடிவேலுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை.

அட மடப்பயலே! கரம் என்றால் இங்கே சூடு இல்லை. தில்லி எலக்ட்ரீஷியன் பாஷையில் கரண்ட் வருகிற வயர் கரம் தார், திரும்பிப் போகிற வயர் தண்டா தார், குளிர்ந்த கம்பி. நீ ஃபேஸ் நியூட்ரல் என்பதைத்தான் அவர் கரம் தண்டா என்கிறார். எந்த வயர் எந்த முனைக்கு என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். வயர் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்துதான் கிடக்கிறது. நான் முப்பது வருஷமாக இங்கே இருப்பதால் எனக்கும் அது தமிழ் மாதிரியே ஆகிவிட்டது, அப்படியே எழுதிவிட்டேன். புரியவில்லை என்றால் எழுதிக் கேட்பதற்கு என்ன? நான் போனை எடுக்கவில்லை என்றால் ஊரைக் கூட்டுவாயா?

என் மூச்சைப் பற்றி எங்கள் ஆபீஸுக்குச் சொல்ல நீ யார்? எனக்கு மூச்சு மெஷின் இருப்பது ஆபீஸில் ரோஹிணிக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கு லிஃப்ட்காரர்கூட, "மேடம், தபியத் டீக் ஹை?" என்று உடம்பை விசாரிக்கிறார். சௌகான் என்னைக் கூப்பிட்டு, "ரிஸ்க் நஹீன் லே சக்தே, மேடம் ஜி", ரிஸ்க் எடுக்க முடியாது என்று கையைக் கூப்பினார். அவர் மேஜைக்கு முன்னால் நின்றபோது உன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. வெட்கத்தில் அழுகை வந்தது, அழவில்லை.

அழுதால் நோயாளி என்பது உறுதியாகிவிடும். அதனால் வேறு ஒன்று செய்தேன்.

குளிர் காலத்தில் இங்கே ஆபீஸ் ஜனங்கள் மத்தியானம் புல்வெளியில்தான் கிடப்பார்கள். வேர்க்கடலை உரிப்பது, ஸ்வெட்டர் பின்னுவது, சீட்டாட்டம், குட்டித் தூக்கம், எல்லாம் வெயிலில்தான். நேற்று மெஷினையும் பேட்டரியையும் ஃபைல் தள்ளுகிற வண்டியில் வைத்து, ரோஹிணியை இழுத்துக்கொண்டு, புல்வெளி நடுவில் போனேன். ஜமக்காளம் விரித்தேன். சௌகான் கூட்டத்தோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரிலேயே மாஸ்க்கை மாட்டி, ஸ்விட்சைப் போட்டுப் படுத்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். யாரோ "ஹாத்தி" என்றார்கள், குழாய் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கிறதே என்று. நான் கண்ணை மூடினேன்.

வீம்புக்குப் படுத்தவள் நிஜமாகவே தூங்கிவிட்டேன், வேலு. நடந்ததை ரோஹிணிதான் சொன்னாள். "சௌகான் சீட்டைக் கீழே வச்சுட்டு உன்னண்ட வந்து உக்காந்தார். வயரை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தார். லஞ்ச் முடிஞ்சும் நீ எழுந்துக்கலை. செக்‌ஷன் ஆபீசர் தேடிண்டு வந்தப்போ, உதட்டுல விரலை வச்சு, ஷ்ஷ், மேடம் ஸோ ரஹீ ஹைன்னார்" என்றாள். எழுந்ததும் அவர் சொன்னது: "உங்கள் மெஷினை விட என் குறட்டைச் சத்தம் அதிகம், மேடம். என் மனைவியைக் கேளுங்கள். நீங்கள் வாருங்கள்." பெயர் மறுபடி சேர்ந்துவிட்டது.

இனி என்னைப் பற்றி யாரிடமாவது வாயைத் திறந்தால், பந்தயமும் இல்லை, தம்பியும் இல்லை.

பூங்கோதை

*

அம்பாசமுத்திரம்
12 மார்ச் 2008

அக்கா,

கரம் என்றால் சூடு என்று நினைத்தது என் தப்பு. ஆனாலும் பேட்டரிக்கு ஏது ஃபேஸும் நியூட்ரலும்? பிளஸ், மைனஸ்தான். அந்த எலக்ட்ரீஷியன் ஒழுங்காகப் பேசியிருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்?

உஷாராணி என்னோடு மூன்று நாளாகப் பேசவில்லை. "ஒரு பொம்பள ஆபீஸ்ல எப்படித் தலைநிமிந்து நடப்பான்னு யோசிச்சியளா?" என்று கேட்டாள். யோசிக்கவில்லை. நீ செத்துவிடுவாய் என்றுதான் யோசித்தேன். அதற்கு மேல் என் மூளை ஓடவில்லை. பயந்தால் நான் இப்படித்தான், கத்துவேன், போன் போடுவேன். அம்மா அப்பா போன பிறகு என்னை "ஏலே" என்று கூப்பிட நீ ஒருத்திதான் இருக்கிறாய். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன்.

மலையில் குளிரும். குளிரில் பேட்டரியின் தெம்பு குறையும். தரையில் வைக்காதே, அடியில் ஒரு பலகையோ பையோ போட்டு வை. பிளக் ஆடுகிறதா என்று படுக்கும் முன் பார்.

போகாதே என்று இந்தத் தடவை எழுதவில்லை. நல்லபடியாகப் போய் வா என்று எழுதவும் கை வரவில்லை. பந்தயம் பந்தயம்தான். தோற்றால் சொன்னபடி வந்துவிட வேண்டும்.

வடிவேல்

*

லோதி ரோடு
27 மார்ச் 2008

ஏலே வேலு,

வந்துவிட்டேன். முகம் வெயிலில் கருத்து, மூக்கு காய்ந்து தோலுரிந்து கிடக்கிறது. மற்றபடி உன் அக்கா அப்படியே இருக்கிறேன்.

பேட்டரியை ஜீப் நிற்கிற இடத்திலிருந்து கரை வரைக்கும் சௌகானும் இன்னொருவரும் தூக்கி வந்தார்கள். தூக்கும்போது சௌகான் பத்து அடிக்கு ஒரு தரம் கடவுளைக் கூப்பிட்டார். நான் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

முதல் ராத்திரி பயந்தேன். உன்னிடம் சொல்வதற்கென்ன? நீ சொன்ன எதற்கும் பயப்படவில்லை, ஆற்றுச் சத்தத்துக்குத்தான் பயந்தேன். வீட்டில் மெஷினின் உஸ்ஸென்ற சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அங்கே கங்கை போடுகிற இரைச்சலில் அது ஓடுகிறதா நின்றதா என்றே தெரியவில்லை. மாஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எப்போது தூங்கினேனோ, கண் விழித்தபோது கூடாரத் துணியெல்லாம் மஞ்சளாக வெயில். வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன். ரோஹிணி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

இரண்டாவது ராத்திரி ஒன்றும் விசேஷமில்லை. பகலில் ஹோலி ஆடினதில் அலுப்பு, கட்டையாகத் தூங்கினேன்.

மூன்றாவது ராத்திரி நின்றது.

ஆமாம், நீ சொன்னபடியே சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. இருட்டில் பட்டென்று விழித்தேன். மூக்கில் மாஸ்க் இருக்கிறது, காற்று இல்லை. யார் உலுக்குவார்கள் என்று கேட்டாயே, யாரும் உலுக்கவில்லை. நானே எழுந்தேன். மாஸ்க்கைக் கழற்றினேன், மூச்சு வந்தது. ரோஹிணியைக் கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். வயரைத் தடவிக்கொண்டே போனேன். திரும்பிப் படுத்ததில் காலால் இழுத்திருக்கிறேன், பிளக் பாதி வெளியே தொங்கியது. அழுத்திச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன், மாஸ்க்கை மாட்டினேன், படுத்தேன், தூங்கினேன். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை நாள் நாம் எல்லாரும் சேர்ந்து பயந்த ராத்திரி அதுதான், வேலு. அது வந்துவிட்டுப் போய்விட்டது.

பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். வி.ஆர்.எஸ். பேச்சு முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பந்தயம் உன்னோடு மட்டும் கட்டியதில்லை. போன வருஷம் எனக்கு ஆபீசராகப் பிரமோஷன் வந்தது. அருணாசலப் பிரதேசத்தில் இட்டாநகர் கிளைக்குப் போக வேண்டும். அங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருக்குமாம். அப்போதுதான் மெஷின் வந்த புதிது. பயந்துபோய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை, நல்லதாப் போச்சு என்பாய் என்று. ஜனவரியில் மறுபடி கேட்டார்கள். மார்ச் முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். அதனால்தான் கரண்ட் இல்லாத இடத்தில் தூங்கிப் பார்க்கப் போனேன்.

நேற்று சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் கிளம்புகிறேன். இரண்டு வருஷம். உன்னிடம் யோசனை கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

அக்கா பூங்கோதை

*

அம்பாசமுத்திரம்
7 ஏப்ரல் 2008

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. மூன்று ராத்திரி என்று சொல்லி இரண்டு வருஷத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறாய். அருணாசலப் பிரதேசம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அதற்கு மேல் இந்தியாவே இல்லை. ஆத்திரத்தில் உனக்கு நாலு பக்கம் எழுதினேன். உஷாராணி அதை வாங்கிப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டாள்.

நேற்று தென்காசியில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தியில் நம்ம தர்மன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "வேலு, டெல்லி அக்காவுக்கு ஒடம்புக்கு ரொம்ப முடியலயாமே? வேலைய விட்டுட்டு இங்க வந்து படுத்துக்கிடப் போறாளாமே, பாவம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்றே தெரியவில்லை. இலையில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். "எங்க அக்காவா படுத்துக் கிடக்கா? அவ கங்கைக் கரையில கூடாரம் அடிச்சுத் தங்கிட்டு வந்திருக்கா! ஆபீசராகி அருணாசலப் பிரதேசம் போறா! நீரு போவேரா வே, அந்த ஊருக்கு?" என்று கத்தினேன். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாயசம் கொண்டுவந்த பையன் வாளியோடு நின்றுவிட்டான்.

"முடியலன்னு ஒம்மகிட்ட எந்தப் பய சொன்னான்?" என்று கேட்டேன்.

மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதாம்லே சொன்ன, பொங்கலுக்கு" என்றார்.

"சொன்னவன் மடையன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பாயசம் வாங்கிக்கொண்டேன்.

உன் தம்பி
வடிவேல்